ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது: நாலரை மணி நேரம் போதுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 12, 2024

மார்ச் 16 சனிக்கிழமை பகல் 11:40க்கு ஹீத்ரோவில் இறங்குகிறோம். அடுத்த விமானம் அன்றே மாலை 4:10க்கு, கேட்விக்கிலிருந்து. நான், மனைவி, 71 வயது அம்மா. பெரிய பெட்டி நான்கு. இரண்டும் லண்டன்தானே என்று தனித்தனியாக டிக்கெட் போட்டுவிட்டேன். மூவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். நாலரை மணி நேரம் தாராளம் என்கிறார் நண்பர். சரியா?

பிப்ரவரி 12, இரவு 10:20

போதாது.

உங்கள் நண்பர் சாலையை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார். சாலை சுமார் 70 கிலோமீட்டர். எம்25 சுற்றுச்சாலையில் ஏறி எம்23க்குத் திரும்பினால் கேட்விக். வழி காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் உங்கள் நேரத்தைத் தின்னப்போவது சாலைக்கு முன்னும் பின்னும் இருக்கும் வரிசைகள்.

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். 4:10 விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டர் 3:10க்கு மூடும் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் உங்கள் கெடு. 4:10 என்ற எண்ணை இப்போதே மறந்துவிடுங்கள். இனி முன்னாலிருந்து: 11:40க்கு விமானம் வந்து நிற்கிறது. கதவு திறந்து, அம்மாவோடு நடந்து இமிக்ரேஷன் வரிசையில் சேர 12:05. தானியங்கி வாயிலைப் பயன்படுத்தும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதிகாரி இருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசையை 45 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது எல்லைக் காவல் துறை தனக்கு வைத்திருக்கும் இலக்கு. அப்படியே முடிந்தாலும் 12:50. நான்கு பெட்டியும் வந்து, சுங்கம் தாண்டி வெளியே வர 1:15. கோச் (வெளியூர்ப் பேருந்து) நிறுத்தத்துக்குப் போக 1:35. அடுத்த கோச் 2 மணிக்கு. கேட்விக்கில் 3:20.

கவுண்டர் மூடிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். எதுவுமே தவறாத நாளின் கணக்கு இது.

பிப்ரவரி 13, காலை 7:05

இந்த மாற்றத்தை நான் ஐந்து முறை செய்திருக்கிறேன். நான்கு முறை நடந்தது, ஒரு முறை நடக்கவில்லை. அந்த ஒரு முறை இருந்தது 5 மணி நேரம், உங்களைவிட அரை மணி அதிகம்.

அன்று இமிக்ரேஷன் சீக்கிரம் முடிந்தது. பெட்டியும் வந்தது. கோச்சில் நிம்மதியாக உட்கார்ந்தேன். எம்25இல் எங்கோ முன்னால் ஒரு விபத்து. ஒரு மணி நேரத்துக்கும் மேல் வண்டி நகரவில்லை. கவுண்டருக்கு ஓடிப் போனபோது விமானம் கிளம்ப 52 நிமிடம் இருந்தது. கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போதே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். கையில் ஒரு முதுகுப்பை மட்டும் இருந்திருந்தால் செக்-இன் ஏற்கெனவே ஆகியிருந்ததால் நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போயிருப்பேன். பெட்டி இருந்தது, அதனால் விமானம் போனது. தனி டிக்கெட் என்பதால் முதலில் என்னைக் கொண்டுவந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புது டிக்கெட் என் காசில். அந்த இரவு அங்கே நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கணக்கை முழுக்கப் போட்டுப் பார்த்தேன். அதனால்தான் நேற்று அவ்வளவு வேகமாகப் பதில் எழுத முடிந்தது.

பிப்ரவரி 13, பகல் 1:40

அதைவிட அவசரமான ஒன்று. உங்கள் கேள்வியில் விசா பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. விமான நிலையம் மாறுவது என்றால் பிரிட்டன் எல்லையைத் தாண்டி உள்ளே வந்து, மறுபடி வெளியே போவது. ட்ரான்சிட் விசா வேண்டும். இன்றே விண்ணப்பியுங்கள். முடிவு வரப் பொதுவாக மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு இருப்பது சரியாக 32 நாள்.

விசா இல்லாமல் போனால் லண்டன் வந்து சிக்கிக்கொள்வீர்கள் என்று நினைக்க வேண்டாம், லண்டன் வரவே விடமாட்டார்கள். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 2,000 பவுண்டு அபராதம். அதனால் முதல் விமானத்தின் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பிப்ரவரி 14, காலை 6:30

நேற்று "ட்ரான்சிட் விசா" என்று பொதுவாக எழுதியது என் தவறு. இரண்டு உண்டு. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

ஒன்று, டைரக்ட் ஏர்சைடு ட்ரான்சிட். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து, எல்லை தாண்டாமல் அடுத்த விமானம் ஏறுபவர்களுக்கு. இன்னொன்று, விசிட்டர் இன் ட்ரான்சிட். எல்லை தாண்டி வந்து 48 மணி நேரத்துக்குள் கிளம்புபவர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவதை வாங்கினால் அந்தக் காசு வீண், ஹீத்ரோவை விட்டு வெளியே வர முடியாது.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா கையில் இருந்து அந்த நாட்டுக்குப் போகிறவர்கள் அல்லது அங்கிருந்து வருகிறவர்கள் விசா இல்லாமலே மாறிக்கொள்ள ஒரு வழி உண்டு. மறுநாள் நள்ளிரவுக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட் வேண்டும். ஆனால் அது எல்லை அதிகாரி அப்போது எடுக்கும் முடிவு, உரிமை கிடையாது. உங்களிடம் அந்த விசாக்கள் இல்லை என்று நேற்று பதில் எழுதினீர்கள், எனவே விண்ணப்பம்தான்.

பிப்ரவரி 16, இரவு 9:15

விண்ணப்பம் போட்டுவிட்டீர்கள், நல்லது. டிக்கெட்டை மறுநாள் ஞாயிறு காலை 11:20க்கு மாற்ற முடிந்தது இன்னும் நல்லது. மாற்றியதற்கு அவர்கள் வாங்கிய தொகை உறுத்தும், தெரியும். புது டிக்கெட் மூன்று வாங்குவதோடு ஒப்பிட்டால் அது சிறியது. சனி இரவு கேட்விக் அருகிலேயே தங்குங்கள். மத்திய லண்டனில் அறை எடுத்தால் மறுநாள் காலை அதே பதற்றம் திரும்ப வரும்.

இனி எப்படிப் போவது? கோச் என்பேன். ஹீத்ரோவின் 2, 3 டெர்மினல்களுக்கு நடுவே இருக்கும் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்தும், டெர்மினல் 5 வாசலிலிருந்தும் நேரடி கோச் உண்டு. பெட்டியை ஒரு முறை ஓட்டுநரிடம் கொடுத்தால் கேட்விக்கில்தான் திரும்பத் தொடுவீர்கள். ரயில் என்றால் நடுவில் லண்டனின் ஃபாரிங்டன் நிலையத்தில் இறங்கி மாற வேண்டும். 71 வயது அம்மா, நான்கு பெட்டி. கோச்தான்.

பிப்ரவரி 17

இன்னொருவர் கேட்டிருக்கிறார், இந்தச் சிக்கல் எப்படி வருகிறது, டிக்கெட் போடும்போதே தெரியாதா என்று. தளத்தில் "லண்டன்" என்று தட்டினால் அது எல்.ஓ.என். என்ற நகரக் குறியீட்டை எடுத்துக்கொள்கிறது. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி, சவுத்எண்ட் ஆறும் அதற்குள் அடக்கம். மலிவானது மேலே வரும். எல்.எச்.ஆர். (ஹீத்ரோ), எல்.ஜி.டபிள்யூ. (கேட்விக்) என்ற மூன்றெழுத்துகளைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பிப்ரவரி 20, இரவு 11:50

கோச் பற்றி நான் எழுதியதை அழித்துவிடுங்கள்.

எம்25 சாலையை மார்ச் 15 வெள்ளி இரவு 9 மணி முதல் 18 திங்கள் காலை 6 வரை, 10ஆவது சந்திப்புக்கும் 11ஆவது சந்திப்புக்கும் இடையே இரு திசையிலும் மூடப்போகிறார்கள். பாலம் ஒன்றை இடிக்க வேண்டுமாம். 1986இல் சாலை திறந்ததிலிருந்து பகலில் திட்டமிட்டு இப்படி முழுதாக மூடுவது இதுவே முதல் முறை. அந்தத் துண்டு சரியாக ஹீத்ரோவுக்கும் கேட்விக்குக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் வருவது 16ஆம் தேதி!

மாற்றுவழி சிறிய ஊர்களுக்குள் புகுந்து போகிறது. எம்25இன் வண்டிகள் எல்லாம் அங்கே கொட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். டாக்சியும் அதே சாலையில்தான் நிற்கும். ரயிலில் போங்கள்.

இதைப் படித்ததும் முதலில் எனக்குத் தோன்றியது, நீங்கள் பழைய டிக்கெட்டோடேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான்.

பிப்ரவரி 21, காலை 8:00

ரயில் விவரம். ஹீத்ரோவில் எலிசபெத் லைன் என்ற தடத்தின் ரயிலில் ஏறி ஃபாரிங்டனில் இறங்குங்கள், அங்கே தேம்ஸ்லிங்க் ரயில் பிடித்தால் கேட்விக். ஒரே ஒரு மாற்றம். முதல் பகுதி சுமார் 40 நிமிடம், இரண்டாவது 45 முதல் 50. காத்திருப்பையும் நடையையும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி, அம்மாவுக்காக இரண்டு என்று வையுங்கள். 2022 மே மாதம் எலிசபெத் லைன் திறப்பதற்கு முன்னால் இதே பயணம் பாடிங்டன், விக்டோரியா என்று பெட்டியோடு படியேறி இறங்கும் வேலை. இப்போது வழி நெடுக லிஃப்ட் இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: ஹீத்ரோவில் ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். எலிசபெத் லைன் ரயில் 200 மீட்டருக்கு மேல் நீளம். ஃபாரிங்டன் நடைமேடையின் ஒரு முனை ஃபாரிங்டனிலும் மறுமுனை அடுத்த நிலையமான பார்பிகனிலும் திறக்கிறது. தேம்ஸ்லிங்க் இருப்பது மேற்கு முனையில், கிழக்கே போகும் ரயிலுக்கு அது வால்பக்கம். முதல் பெட்டியில் ஏறியவர் அந்த 200 மீட்டரையும் பெட்டி இழுத்துக்கொண்டு திரும்பி நடக்க வேண்டும். நான் நடந்திருக்கிறேன்.

ஃபாரிங்டனில் வரும் தேம்ஸ்லிங்க் எல்லாமே கேட்விக் போவதில்லை. பலகையில் பிரைட்டன், ஹார்ஷம், த்ரீ பிரிட்ஜஸ் என்று இருந்தால் ஏறலாம். சட்டன் என்று இருந்தால் விடுங்கள்.

பிப்ரவரி 21, காலை 8:25

டெர்மினல் 5இல் இறங்குவதாக எழுதியிருந்தீர்கள், மறந்துவிட்டேன். அங்கிருந்து எலிசபெத் லைன் மணிக்கு இரண்டுதான். ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நிற்க வேண்டாம். டெர்மினல்களுக்கு இடையே ரயில் இலவசம், எந்த ரயில் முதலில் வந்தாலும் ஏறி 2, 3 நிலையத்துக்கு வந்துவிடுங்கள், அங்கே அடிக்கடி வரும்.

பிப்ரவரி 25, மாலை

அம்மாவை எப்படி அழைத்துப் போவது என்ற உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுதவில்லை. என் அம்மாவை இதே வழியில் அழைத்துப் போனது நினைவுக்கு வந்தது, அதைச் சரியாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

சக்கர நாற்காலி உதவியை இரண்டு விமான நிறுவனங்களிடமும் தனித்தனியாக, 48 மணி நேரம் முன்னால் கேளுங்கள். ஒன்றிடம் சொன்னது மற்றொன்றுக்குப் போகாது. ஹீத்ரோவில் விமானக் கதவிலிருந்து பெட்டி எடுத்து வெளியே வரும்வரை கூட வருவார்கள். அதற்கப்புறம் உதவி நின்றுவிடும், மறுபடி ஆரம்பிப்பது கேட்விக்கில். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம் நீங்கள்தான். ரயிலுக்குத் தனியாக பாசஞ்சர் அசிஸ்ட் என்ற சேவை இருக்கிறது, அதையும் பதிவு செய்யுங்கள்.

என் அம்மா அன்று "எனக்கு ஒன்றும் இல்லை, நடப்பேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் கால் வீங்கிவிட்டது. பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்த கால். செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் நடந்திருக்கிறார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். விமானம் கிடைத்தது. ஆனால் அதற்கப்புறம் அவரோடு போகும்போது எப்போதும் இரவு தங்கித்தான் போகிறேன். நீங்கள் டிக்கெட்டை மாற்றியதும் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

மார்ச் 2

தலைப்பை விட்டு விலகுகிறேன். இந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் ஹெலிகாப்டர் ஓடியது தெரியுமா? ஏர்லிங்க் என்று பெயர். 1978இல் ஆரம்பம், சிகோர்ஸ்கி எஸ்-61 வகை, சுமார் கால் மணி நேரப் பயணம். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் சத்தம் தாங்காமல் எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள். எம்25 இந்தப் பக்கம் முடிந்ததும் 1986இல் நிறுத்தினார்கள். சாலைதான் வந்துவிட்டதே என்ற நம்பிக்கை. 2011இல் இரண்டையும் அதிவேக ரயிலால் இணைத்து ஒரே நிலையம் போல ஆக்கலாம் என்று பேச்சு எழுந்தது, பத்திரிகைகள் ஹீத்விக் என்றே பெயர் வைத்தன. பேச்சோடு சரி.

கேட்விக் 1958இல் புதிதாகத் திறந்தபோதே ரயில் நிலையத்தை ஒட்டித்தான் கட்டினார்கள். அந்த நல்ல புத்தி இன்றைக்கும் நமக்கு உதவுகிறது.

மார்ச் 3

டோக்கியோவில் விமான நிலையம் மாறுவது பற்றிக் கேட்டவருக்கு: நரிட்டாவுக்கும் ஹனேடாவுக்கும் இடையே மாறாமலே போகும் ரயில்கள் உண்டு. கெய்செய், அசகுசா, கெய்க்யூ என்று மூன்று தடங்களின் தண்டவாளத்தில் ஒரே ரயில் ஓடுகிறது. சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் அது நகர ரயில், பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது, காலை நெரிசலில் ஏற முடியாது. அங்கே பெட்டி இருந்தால் பேருந்து மேல்.

நியூயார்க்கில் ஜே.எஃப்.கே.யிலிருந்து நியூவர்க் போவது வேறு கதை. ஏர்ட்ரெயின் (விமான நிலைய ரயில்), ஜமைக்கா நிலையத்தில் ஒரு ரயில், பென் ஸ்டேஷனில் இன்னொரு ரயில், கடைசியில் மறுபடி ஏர்ட்ரெயின். முடிந்தால் அந்த டிக்கெட்டையே வாங்காதீர்கள்.

மார்ச் 4

"ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி தானாகப் போய்விடாதா?" போகாது. ஹீத்ரோவில் நீங்கள்தான் எடுக்க வேண்டும், கேட்விக்கில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரே டிக்கெட்டின் பலன் வேறு: முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், மாற்று விமானம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பிரிட்டன் சட்டப்படி, கடைசியாகச் சேரும் இடத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், காரணம் அவர்களுடையது என்றால், தூரத்தைப் பொறுத்து 520 பவுண்டு வரை இழப்பீடும் உண்டு. வானிலை போன்ற காரணம் என்றால் இழப்பீடு இல்லை, மாற்று விமானம் உண்டு. தனித்தனி டிக்கெட்டில், அடுத்த விமானத்தைத் தவறவிட்டதற்கு இரண்டுமே இல்லை. விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

மார்ச் 10

விசா வந்துவிட்டது என்று படித்தேன், மூவருக்கும். மிகவும் சந்தோஷம்.

இரண்டு சின்ன விஷயம். வழியில் வாங்கிய பெரிய திரவப் புட்டி எதுவானாலும் ஹீத்ரோவில் பெட்டியை எடுத்ததும் அதற்குள் வைத்துவிடுங்கள். கேட்விக்கில் சோதனை முதலிலிருந்து நடக்கும், கைப்பையில் இருந்தால் தடுக்கப்படலாம். அப்புறம், ரயிலுக்குத் தனியாக டிக்கெட் வேண்டாம், தட்டும் வங்கி அட்டை கேட்விக் வரை செல்லும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை மூன்று பேருக்குத் தட்ட முடியாது. ஏறும்போது தட்டியதையே இறங்கும்போதும் தட்டுங்கள். ஃபாரிங்டனில் வாயிலுக்கு வெளியே போக வேண்டாம்.

மார்ச் 15, இரவு

இன்று இரவு 9 மணிக்குச் சாலையை மூடிவிட்டார்கள். நீங்கள் இப்போது விமானத்தில் இருப்பீர்கள். வார இறுதியில் தண்டவாள வேலையும் வரும், அதனால் கிளம்பும் முன் ரயில் நேரம் பாருங்கள் என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும். இறங்கியதும் பாருங்கள்.

மார்ச் 17, மாலை 6:40

உங்கள் குறிப்பைப் படித்தேன். இமிக்ரேஷனில் 70 நிமிடம், ஒரு பெட்டி மட்டும் கடைசியில் வந்தது, கேட்விக் சேர்ந்தது மாலை 4 மணிக்கு. பழைய விமானம் கிளம்பப் பத்து நிமிடம். நான் போட்ட கணக்கைவிட 40 நிமிடம் அதிகம். இனி யாராவது கேட்டால் இமிக்ரேஷனுக்கு 45க்குப் பதில் 75 என்றே எழுதுவேன். அம்மா ஃபாரிங்டன் லிஃப்டில் ஒரு பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

மார்ச் 19

திரும்பி வரும்போது கேட்விக்கிலிருந்து ஹீத்ரோ. எல்லாம் தலைகீழ். கேட்விக் ரயில் நிலையம் சவுத் டெர்மினலை ஒட்டி இருக்கிறது. நார்த்தில் இறங்கினால் இலவச ஷட்டில் ரயிலில் இரண்டு நிமிடம் வர வேண்டும். விசா 48 மணி நேரத்துக்கானது, திரும்பும் பயணத்துக்கும் அது செல்லுமா என்று அதிலுள்ள தேதியையும் எத்தனை முறை நுழையலாம் என்பதையும் இப்போதே பாருங்கள். ஃபாரிங்டனில் எலிசபெத் லைனுக்கு இறங்கியதும் நடக்க வேண்டாம். நீங்கள் போய்ச் சேரும் மேற்கு முனை இப்போது ரயிலின் முன்பக்கம், அங்கேயே ஏறலாம். பலகையில் டெர்மினல் 4 என்று போட்ட ரயில் முதலில் வந்தால் அதிலேயே ஏறி 2, 3இல் மாறுங்கள், 5க்கு அங்கிருந்து இலவசம்.